கண்ணாடியை வாங்குவோம், உலோகத்தைக் கடைவோம்: கோவைப் பட்டறையில் ஒரு ஒளிர்வு நுண்ணோக்கி

ஒளிர்வு நுண்ணோக்கி ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பவை சில கண்ணாடித் துண்டுகள், ஒரு விளக்கு, ஒரு கேமரா. மற்றதெல்லாம் குழாய், மரை, தட்டு, தண்டு. அந்தக் கண்ணாடியை நம் ஊரில் செய்வது கடினம், அதை வாங்கித்தான் ஆக வேண்டும். உலோகம் அப்படியில்லை. ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் பம்பு ஷாஃப்டை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் கடைந்து கொடுக்கிற பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நம்பிக்கையில் எழுதியது.

இந்த ஊருக்கு நுண்ணோக்கி புதிதும் அல்ல. 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கோவையின் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். நாம் சாப்பிடும் தடித்த கரும்பினத்தில் அவை 80. அந்தச் சின்னஞ்சிறு கோடுகளை ஒன்றோடொன்று குழப்பாமல் எண்ண வேண்டும் என்றால் கண்ணும் லென்ஸும் எவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

நாம் செய்யப் போவது எபி-ஃப்ளோரசன்ஸ் வகை. நீல ஒளியை அப்ஜெக்டிவ் (மாதிரிக்கு மிக அருகில் இருக்கும் லென்ஸ்) வழியாகவே மாதிரியின் மேல் பாய்ச்சி, மாதிரி திருப்பித் தரும் பச்சை ஒளியை அதே அப்ஜெக்டிவால் வாங்கிப் படமெடுப்பது. செல் ஆராய்ச்சியிலும், காசநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் தேடுவதிலும் இந்த அமைப்பு பயன்படுகிறது.

முதல் படி: அப்ஜெக்டிவைத் தேர்ந்தெடுப்பது

எல்லா முடிவும் இதிலிருந்துதான் பிறக்கும். அப்ஜெக்டிவின் உடலில் 40/0.65 என்று பொறித்திருக்கும். 40 என்பது உருப்பெருக்கம். அதைவிட முக்கியம் அடுத்த எண், என்.ஏ. என்கிற ஒளி வாங்கும் கோணத்தின் அளவு. எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை எர்ன்ஸ்ட் அபே 1873-இல் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: ஒளியின் அலைநீளத்தை என்.ஏ.வின் இரு மடங்கால் வகுத்தால் வருவதுதான் பிரித்துக் காணக்கூடிய மிகச் சிறிய தூரம். 520 நானோமீட்டர் (நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பச்சை ஒளிக்கும் 0.65-க்கும் கணக்குப் போட்டால் 400 நானோமீட்டர். சிவப்பணு ஒன்றின் விட்டம் ஏழு, எட்டு மைக்ரான். அதில் இருபதில் ஒரு பங்கு வரை பார்க்கலாம்.

ஒளிர்வில் என்.ஏ.வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒளி உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே வாசல் வழியாக என்பதால், படத்தின் வெளிச்சம் என்.ஏ.வின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 0.65-லிருந்து 0.75-க்குப் போனால், அதே உருப்பெருக்கத்தில் ஏறத்தாழ 1.8 மடங்கு வெளிச்சம். ஆகவே கையில் இருக்கிற காசை முதலில் இங்கே போடுங்கள். கேமராவில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை.

அப்ஜெக்டிவில் உள்ள இரண்டாவது பொறிப்பையும் படியுங்கள். ∞/0.17 என்றிருந்தால் அது இன்ஃபினிட்டி வகை (கதிர்கள் இணையாக வெளியேறும்), மாதிரியை மூடும் 0.17 மி.மீ. கவர் கிளாஸுக்காகச் செய்தது. 160/0.17 என்றால் பழைய 160 மி.மீ. குழாய் வகை. நமக்கு முதலாவதுதான் வேண்டும், ஏனென்றால் இணைக் கதிர்கள் ஓடும் இடைவெளியில்தான் ஃபில்டர்களையும், ஒரு நிறத்தைத் திருப்பி இன்னொன்றை விடும் டைக்ரோயிக் கண்ணாடியையும் செருக முடியும். நான் முதல்முறை வாங்கியபோது கடைக்காரர் இன்ஃபினிட்டி என்று சொல்லி 160-ஐ அனுப்பிவிட்டார். பெட்டியைப் பிரித்தவுடன் பொறிப்பைப் படிக்காமல் மூன்று வாரம் மங்கலான படத்தோடு மல்லுக்கட்டினேன். அதனால் சொல்கிறேன், பெட்டி கைக்கு வந்ததும் முதல் வேலை பொறிப்பைப் படிப்பது.

இரண்டாம் படி: ட்யூப் லென்ஸும் கேமராவும்

இன்ஃபினிட்டி அப்ஜெக்டிவ் தனியாக உருவம் தராது. அதன் இணைக் கதிர்களைக் குவிக்க ட்யூப் லென்ஸ் வேண்டும். ஒலிம்பஸ் 180 மி.மீ.க்கும், நிக்கானும் லைக்காவும் 200-க்கும், ஸைஸ் 165-க்கும் உருப்பெருக்கத்தைக் கணக்கிடுகின்றன. 180 வகையில் 40 மடங்கு அப்ஜெக்டிவின் குவியத் தூரம் 4.5 மி.மீ. இந்த எண்ணை மனதில் வையுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் 180 மி.மீ. ட்யூப் லென்ஸைத்தான் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 3.45 மைக்ரான் பிக்சலும் 8.4-க்கு 7.1 மி.மீ. சென்சாரும் உள்ள கருப்பு வெள்ளைக் கேமராவை எடுத்துக்கொள்வோம். 40 மடங்கில் நம் 400 நானோமீட்டர், சென்சாரில் 16 மைக்ரானாக விழும். அதற்குள் இரண்டு பிக்சல் இருந்தால் போதும், இங்கே நான்குக்கு மேல் வருகிறது. வெளிச்சத்தை வீணாகப் பரப்புகிறோம் என்று அர்த்தம். 100 மி.மீ. ட்யூப் லென்ஸ் போட்டால் உருப்பெருக்கம் 22 ஆகும், 400 நானோமீட்டர் 8.9 மைக்ரானாகும், இன்னும் இரண்டரை பிக்சல் கிடைக்கும். நுணுக்கம் குறையாமல், ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம். பார்க்கும் பரப்பும் 0.38-க்கு 0.32 மி.மீ. என்று விரியும். எனக்கு இந்த வழிதான் பிடித்தது. 100 மி.மீ. அக்ரோமாட் (நிறப்பிழை திருத்திய லென்ஸ்) ஒன்று போதும். ஓரங்களும் கூர்மையாக வேண்டுமென்றால் பழைய ஃபிலிம் கேமராவின் 100 அல்லது 135 மி.மீ. லென்ஸை முடிவிலியில் நிறுத்திப் பயன்படுத்துங்கள்.

கலர் கேமரா வேண்டாமா என்றால், அழகான படத்துக்கு வேண்டும், அளவீட்டுக்கு வேண்டாம். கலர் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிறத்தாள் உட்கார்ந்து, வருகிற சொற்ப ஒளியில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: விளக்கின் பாதை

அவசரக்காரர்கள் தவறுகிற இடம் இதுதான், எனவே நிதானமாகப் போவோம். எல்.இ.டி.யின் உருவம் நேராக மாதிரியின் மேல் விழுந்தால் அதன் சதுரமும் கம்பிகளும் படத்தில் தெரியும். ஆகஸ்ட் கோலர் 1893-இல் சொன்ன வழி, விளக்கின் உருவத்தை மாதிரியில் விழவிடாமல் அப்ஜெக்டிவின் பின்குவியத் தளத்தில் விழ வைப்பது. அப்போது விளக்கின் ஒவ்வொரு புள்ளியும் மாதிரி முழுவதற்கும் ஒளி தரும். ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும்.

கணக்கு இப்படி. அப்ஜெக்டிவின் பின்பக்கத் துளையான பின் வாசலின் விட்டம், குவியத் தூரத்தையும் என்.ஏ.வையும் பெருக்கி இரண்டால் பெருக்கினால் வரும்: 5.85 மி.மீ. எல்.இ.டி.யின் ஒளிரும் சதுரம் 1 மி.மீ. என்றால் அதை ஆறு மடங்கு பெரிதாக்க வேண்டும். 16 மி.மீ. ஆஸ்ஃபெரிக் லென்ஸை எல்.இ.டி.க்கு முன்னும், 100 மி.மீ. லென்ஸை அப்ஜெக்டிவின் பின்தளத்திலிருந்து 100 மி.மீ. தள்ளியும் வைத்தால் 6.25 மடங்கு. கச்சிதம். இரு லென்ஸ்களுக்கும் நடுவே 116 மி.மீ. விடுங்கள். 100 மி.மீ. லென்ஸுக்கு 100 மி.மீ. முன்னால், அதாவது ஆஸ்ஃபெரிக்கை ஒட்டி 16 மி.மீ.யில், ஒரு ஐரிஸ் (சுருக்கி விரிக்கக்கூடிய துளை) வையுங்கள். அதன் உருவம் மாதிரியின் மேல் 22 மடங்கு சிறிதாகி விழும். 11 மி.மீ. திறந்தால் மாதிரியில் அரை மில்லிமீட்டர் வட்டம் மட்டும் ஒளிரும். கேமரா பார்க்கிற பரப்பு அவ்வளவுதான். அதற்கு வெளியே ஒளி விழுந்தால் பின்னணிப் புகையும், மாதிரியின் ஒளிரும் சாயம் ஒளிபட்டு வெளுப்பதும்தான் மிச்சம்.

எல்.இ.டி.க்கு நிலையான மின்னோட்ட டிரைவர் போடுங்கள். அணைத்து அணைத்து எரிய வைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் மலிவு டிரைவர் கேமரா படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடும். வெப்பம் போக நல்ல ஹீட் சிங்க் வேண்டும். சூடானால் எல்.இ.டி.யின் வெளிச்சமும் மாறும், நிறமும் நகரும்.

நான்காம் படி: ஃபில்டர்கள்

மாதிரி திருப்பித் தரும் ஒளி, நாம் பாய்ச்சும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. நீலத்தில் லட்சத்தில் ஒரு பங்கு கேமராவுக்குக் கசிந்தாலே படம் கெடும். இதற்குத்தான் மூன்று கண்ணாடிகள்: 470 நானோமீட்டரை மையமாகக் கொண்ட தூண்டு ஃபில்டர், 495-இல் நீலத்தைத் திருப்பிப் பச்சையை விடும் டைக்ரோயிக், 510-க்கு மேல் எல்லாவற்றையும் விடும் உமிழ்வு ஃபில்டர். முதல் கருவிக்குக் குறுகிய பட்டை உமிழ்வு ஃபில்டரை வாங்காதீர்கள். நீண்ட அலை முழுவதையும் விடுவது என்றால் பச்சையும் தெரியும், இலைப் பச்சையத்தின் 680 நானோமீட்டர் சிவப்பும் தெரியும்.

டைக்ரோயிக் சுமார் 25-க்கு 36 மி.மீ., ஒரு மில்லிமீட்டர் கனம். பூச்சுள்ள முகம் விளக்கைப் பார்க்க வேண்டும். என் முதல் துண்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கி மூலையை உடைத்தேன். இரண்டாவதை மெல்லிய ஸ்பிரிங் தகட்டில் சும்மா உட்கார வைத்தேன், அதுதான் சரி. இறுக்கினால் உடையாவிட்டாலும் வளையும், வட்ட வெளிச்சம் முட்டை வடிவமாகும்.

ஐந்தாம் படி: பட்டறைக்குப் போவது

இந்தப் பகுதிதான் எனக்கு மிகப் பிடித்தது. வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனபோது கடைசல்காரர் கேட்ட முதல் கேள்வி: "ஏங்கண்ணு, இதென்ன 55 டிகிரியா, 60 டிகிரியா?" அந்தக் கேள்வி கேட்கிறவரிடம் வேலையைக் கொடுக்கலாம். அப்ஜெக்டிவின் ஆர்.எம்.எஸ். மரை (நுண்ணோக்கிகளுக்கான பழைய தர அளவு) 0.8 அங்குலம், அதாவது 20.32 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 36 மரை, கோணம் 55 டிகிரி. மெட்ரிக் பழக்கத்தில் 60 டிகிரி டூலை வைத்துவிட்டால் அப்ஜெக்டிவ் ஆடும். அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத்தில் 36-ஐ நேராகப் போடலாம். மாதிரிக்கு ஒரு பழைய அப்ஜெக்டிவைக் கையோடு கொண்டு போங்கள், அதைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் ஜாப்பை லேத்திலிருந்து இறக்கச் சொல்ல வேண்டும்.

டைக்ரோயிக் உட்காரும் சதுரப் பெட்டியில் இரண்டு துளைகளும் 90 டிகிரியில் சந்திக்க வேண்டும். இரண்டையும் ஒரே செட்டிங்கில் போர் செய்யச் சொல்லுங்கள். கழற்றி மறுபடி மாட்டினால் பிழை புகும். 45 டிகிரிச் சாய்வில் 0.1 டிகிரி தவறினால் ஒளி 0.2 டிகிரி திரும்பும், 100 மி.மீ. தூரத்தில் 0.35 மி.மீ. விலகும். நம் பின் வாசல் வெறும் 5.85 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம். எனவே சாய்வைச் சிறிது திருத்த மூன்று ஸ்க்ரூ வைப்பது நல்லது.

குழாய்களின் உட்புறம் வழவழப்பாக இருக்கக் கூடாது. உள்ளே மெல்லிய மரை வெட்டி, பளபளப்பில்லாத கருப்பு பெயின்ட் அடித்துவிட்டால் சாய்ந்து வருகிற ஒளி அந்தப் பள்ளங்களில் சிக்கிவிடும். கடைசல்காரருக்கு ஐந்து நிமிட வேலை, நமக்கு இருட்டான பின்னணி.

அடித்தளத்துக்கு அலுமினியம் வேண்டாம். காரணம் வெப்பம். 100 மி.மீ. அலுமினியம் ஒரு டிகிரி ஏறினால் 2.3 மைக்ரான் நீளும். நம் அப்ஜெக்டிவின் குவிய ஆழமோ அலைநீளத்தை என்.ஏ.வின் வர்க்கத்தால் வகுத்தது, அதாவது சுமார் 1.2 மைக்ரான். மதியம் அறை ஒரு டிகிரி சூடானால் படம் தானாக மங்கும். காலையில் துல்லியமாக இருந்த என் படம் மூன்று மணிக்கு ஏன் கலங்குகிறது என்று நாள் கணக்கில் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வார்ப்பிரும்பு ஏறத்தாழ அதில் பாதிதான் நீளும், அதிர்வையும் நன்றாக உள்வாங்கும். கோவையில் ஃபவுண்டரிக்கா பஞ்சம்? பழைய வார்ப்புத் தட்டு ஒன்றை வாங்கி முகத்தைச் சமன் செய்தால் போதும்.

அதிர்வைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக்கு அருகில் வீடு என்றால் வார்ப்பிரும்பு மட்டும் போதாது. தடித்த கடப்பா கல்லைப் பாதிக் காற்றடித்த ஸ்கூட்டர் ட்யூபின் மேல் கிடத்தி, அதன் மேல் கருவியை வையுங்கள். காற்று அதிகமானால் பயன் போய்விடும், கல் மெதுவாக அசைந்து அடங்கும் அளவுக்கே இருக்கட்டும்.

குவியம் நகர்த்த ஒரு சுற்றுக்கு 0.5 மி.மீ. நகர்த்தும் மரைத் தண்டும், ஒரு சுற்றுக்கு 200 படி உள்ள ஸ்டெப்பர் மோட்டாரும் போதும். ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரித்தால் கணக்குக்கு 0.16 மைக்ரான் வரும். பல்லிடை ஆட்டத்தைத் தவிர்க்க ஸ்பிரிங்கால் ஒருபக்கமாக இழுத்து வைத்து, எப்போதும் கீழிருந்து மேலாகவே குவியத்தை அணுகுங்கள்.

ஆறாம் படி: நேராக்குவது

முதலில் அப்ஜெக்டிவ் இல்லாமல் ட்யூப் லென்ஸையும் கேமராவையும் மட்டும் மாட்டி, மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். வடவள்ளிப் பக்கம் இருந்தால் மருதமலைக் கோபுரம், பொள்ளாச்சியில் இருந்தால் ஆனைமலை முகடு. அந்தத் தூரத்துப் பொருள் கேமராவில் கூர்மையாகும் இடத்தில் லென்ஸைப் பூட்டுங்கள். கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருப்பது லென்ஸுக்கு முடிவிலிதான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் செய்யாதீர்கள். 20 மீட்டர் தூரத்துப் பொருளென்றால் அரை மில்லிமீட்டர் தவறிவிடும்.

அப்புறம் அப்ஜெக்டிவின் இடத்தில் ஒரு வெண்தாளை வைத்து நீல ஒளியைப் பாருங்கள். பின்தளம் இருக்கும் உயரத்தில் எல்.இ.டி.யின் சதுரம் கூர்மையாக, துளையின் நடுவில் விழ வேண்டும். அடுத்து அப்ஜெக்டிவை மாட்டி, ஹைலைட்டர் பேனா மையை ஸ்லைடில் தீற்றி, கவர் கிளாஸ் மூடிக் குவியுங்கள். ஐரிஸைச் சுருக்கினால் அதன் விளிம்பு படத்தில் கூர்மையாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் கோலர் அமைப்பு சரி. நீல ஒளியை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள். கண்ணுக்கும் அதற்கும் நடுவே எப்போதும் ஆரஞ்சு நிற அக்ரிலிக் தகடு இருக்கட்டும்.

லென்ஸைத் துடைக்கப் பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் ஒட்டிய உலோகத் தூள் பூச்சைக் கீறும். அதன் நூல் துணுக்கில், துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்த்திருக்கும் பொருள் ஊதா ஒளியில் நீலமாக மின்னும். பின்னால் ஊதா எல்.இ.டி. சேர்க்கும்போது ஏதோ உயிரணு என்று ஏமாந்துபோவீர்கள். லென்ஸ் தாளும் தூய ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் போதும்.

ஏழாம் படி: முதல் மாதிரிகள்

விலை உயர்ந்த சாயம் எதுவும் வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் இருக்கிறதே! பச்சை மஞ்சள் கிழங்கை ஷேவிங் பிளேடால் கண்ணாடி போல மெல்லியதாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்துக் கவர் கிளாஸ் மூடுங்கள். குர்குமின் நீல ஒளியை உறிஞ்சிப் பச்சை மஞ்சளாக ஒளிரும். கிழங்கில் அது எல்லாச் செல்லிலும் சமமாக இருக்காது, சில செல்களில் மட்டும் நிறைந்து விளக்கு ஏற்றியது போல நிற்கும். முதன்முதலில் அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தென்னை ஓலையின் சீவலில் பச்சையம் சிவப்பாக எரியும். குளத்துத் தண்ணீர் ஒரு சொட்டில் பாசி இழைகள் சிவப்பாக நகரும்.

எட்டாம் படி: உண்மையில் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது

அழகான படத்தைப் பார்த்து மயங்கி இந்தப் படியைத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம். அளக்காத நுண்ணோக்கியை நான் கருவியாகவே மதிப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரை 100 ஆகப் பிரித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைப் படமெடுத்தால் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று தெரியும். நம் அமைப்பில் 0.155 பக்கம் வர வேண்டும். பிறகு 0.1 மைக்ரான் ஒளிர் மணிகளை நன்றாகக் கரைத்துக் கவர் கிளாஸில் உலர்த்திப் படமெடுங்கள். ஃபிஜி என்ற பட அளவீட்டு மென்பொருளில் ஒரு மணியின் குறுக்கே கோடு போட்டு, உச்சத்தின் பாதி உயரத்தில் அகலத்தை அளங்கள். சுமார் 0.41 மைக்ரான் வந்தால் கருவி தன் எல்லையைத் தொட்டுவிட்டது. 0.6, 0.7 என்று வந்தால் எங்கோ கோளாறு. மணிக்கு வால் நட்சத்திரம் போல வால் இருந்தால் ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. குவியத்துக்கு மேலே வளையங்களும் கீழே வெறும் மங்கலும் தெரிந்தால் கவர் கிளாஸின் கனம் தவறு, 1.5 எண் கவர் கிளாஸ்தான் 0.17 மி.மீ.

ஒவ்வொரு நாளும் விளக்கை அணைத்து ஓர் இருட்டுப் படமும், ஹைலைட்டர் ஸ்லைடில் ஒரு சமவெளிப் படமும் எடுங்கள். மாதிரிப் படத்திலிருந்து இருட்டைக் கழித்து, இருட்டைக் கழித்த சமவெளியால் வகுத்தால் ஓரத்து மங்கல் சரியாகும். மைக்ரோ-மேனேஜர் என்ற இலவச மென்பொருள் கேமராவையும் மோட்டாரையும் விளக்கையும் சேர்த்து இயக்கும். கேமரா திறந்திருக்கும் நேரம் மட்டும் விளக்கு எரியும்படி அமையுங்கள், சாயம் சீக்கிரம் வெளுக்காது.

மருத்துவ வேலைக்கு

காசநோய்க் கிருமியை ஆரமின் சாயத்தில் பார்ப்பதற்கு இதே நீல அமைப்பு பொருந்தும். பழைய ஜீல்-நீல்சன் சாய முறையில் எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கில் தேட வேண்டும். ஆரமினில் கிருமிகள் இருட்டில் மஞ்சள் கோடுகளாகத் தெரிவதால் 200, 400 மடங்கிலேயே தேடலாம், ஒரு பார்வையில் அகலமான பரப்பு அடங்கும், நேரம் வெகுவாக மிச்சம். ஒளிர்வு முறை சராசரியாக 10 சதவீதம் கூடுதலாக நோயாளிகளைக் கண்டுபிடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் எல்.இ.டி. ஒளிர்வு நுண்ணோக்கியைப் பரிந்துரைத்தது.

ஆனால் சளி மாதிரியை வீட்டுக்கோ பட்டறைக்கோ கொண்டுவரவே கூடாது. உரிய பாதுகாப்புள்ள ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர் நிலைப்படுத்திச் சாயமிட்ட ஸ்லைடை, அங்கேயே கருவியைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இதைக் கொண்டு ஒருவருக்கு நோய் உண்டு, இல்லை என்று சொல்லவும் கூடாது. விற்பனைக்குப் போக நினைத்தால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகள் பொருந்தும். அதற்கான ஆவணங்களை முதல் வரைபடத்திலிருந்தே தேதி போட்டுச் சேர்த்து வையுங்கள்.

அடுத்து என்ன

கன்போகல் (புள்ளி புள்ளியாக வருடிப் படமெடுக்கும் நுண்ணோக்கி) பக்கம் தாவ வேண்டாம், ஒளித்தாள் நுண்ணோக்கிதான் நம் பட்டறைக்கு ஏற்றது. கேமரா பாதை அப்படியே இருக்கும். விளக்கை மட்டும் பக்கவாட்டிலிருந்து மெல்லிய தாளாகப் பாய்ச்சுவோம். 488 நானோமீட்டர் லேசர், 5 மி.மீ. கற்றை, 50 மி.மீ. உருளை லென்ஸ் என்றால் தாளின் கனம் சுமார் 6 மைக்ரான், அந்த மெல்லிய அளவு ஏறத்தாழ 0.12 மி.மீ. நீளத்துக்கு நிற்கும். தாளும் அப்ஜெக்டிவின் குவியத் தளமும் ஒரே தளத்தில் விழ வேண்டும், அதற்கு மைக்ரான் கணக்கில் நகரும் இன்னொரு தாங்கி வேண்டும். அதன் வரைபடம் இப்போது அதே கடைசல்காரரிடம் இருக்கிறது. இந்த முறை அவர் கேட்டது: "லேசர்னா கண்ணாடி போட்டுட்டுத்தான் பாக்கோணுமாங்கண்ணு?" ஆமாம் என்று சொல்லி, அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி இரண்டு வாங்கினேன், ஒன்று அவருக்கு.